உறைமோர்க் காய்ச்சல்

கோழியை இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் கொஞ்சம் சிறகடித்துவிட்டு அடங்கிவிடும். கைக்கு ஐந்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு லாரிவரை நடக்கலாம். மாதேசு மீசை முளைத்த நாளிலிருந்து செய்த வேலை அது. மனிதர்களைப் பிடிக்கும் வேலைக்கு வந்தபிறகு, ஆட்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று கண்டுகொண்டான். காலை வாரித் தரையோடு இழுத்தால் முக்கால்வாசிப் பேர் கத்துவதை நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேருக்குத்தான் குழாய்.

நல்லசிவம் அந்த மீதியில் ஒருவன்.

உச்சிவெயிலில், சனம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் பிடிகாரர்கள் தெருவில் இறங்குவார்கள். செக்குமேட்டுத் தெருவில் அன்று அப்படித்தான் இறங்கினார்கள், வீட்டுக்கு இருவராக. கதவை உதைத்துத் திறந்தபோது நல்லசிவம் கட்டிலில் இல்லை. கதவுக்குப் பின்னால் கொடுவாளோடு நின்றிருந்தான். முதலில் நுழைந்த சடையனின் முன்கையில் வெட்டு விழுந்து எலும்பு தெரிந்தது. மாதேசு குனிந்து, சைக்கிள் டியூப் சுற்றிய இரும்புக் குழாயால் நல்லசிவத்தின் வலது முட்டியில் ஓங்கி ஓர் அடி கொடுத்தான். காய்ந்த மரவள்ளிக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. கொடுவாள் ஒரு பக்கம் விழுந்தது, ஆள் ஒரு பக்கம் விழுந்தான்.

“ஐயோ, என்ற காலு! நான் ரெண்டு தடவ போயிட்டு வந்தவன்டா! எனக்கு ஒண்ணுமில்லடா!”

“ஒண்ணுமில்லாததுனாலதான்டா கூட்டிக்கிட்டுப் போறோம்” என்றான் சடையன். துண்டால் கையைக் கட்டிக்கொண்டே மாதேசிடம் புலம்பினான். “நம்ம ஊர்ல மோட்டாருக்குக் காயில் கட்டற ஆளு இவன் ஒருத்தன்தான் மாப்ள. இனி மோட்டாரு எரிஞ்சா நான் யாருகிட்டப் போவேன்?”

நல்லசிவத்தை இரண்டு காலையும் பிடித்து இழுத்தார்கள். உடைந்த முட்டி வாசற்படியில் இடித்தபோது அவன் கத்தவில்லை. மயங்கிவிட்டிருந்தான். கூண்டு லாரியில் ஏற்கெனவே பாதித் தெரு இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கரட்டூருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. கோழிகளிடமிருந்து வந்தது என்றார்கள். ஊரில் மூன்றில் ஒரு பங்கு போனது. வெளியே இருந்தவர்கள் சாலையில் பள்ளம் வெட்டி, வேலி போட்டு ஊரை அடைத்தார்கள். மக்காச்சோளமும் மருந்தும் வேலிவரைக்கும் வரும். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முட்டைகூட வெளியே போகாது. மறுவருஷம் காய்ச்சல் திரும்பி வந்தது. முதல்முறை பிழைத்து எழுந்தவர்களிலேயே பலரைக் கொண்டுபோனது. அப்போதுதான், ஊரிலேயே பெரிய முட்டைப்பண்ணை வைத்திருந்த பெரியண்ணன் கோயில் மைதானத்தில் ஏறி நின்று பேசினார்.

கோழிப்பண்ணைக்காரனுக்கு இது தெரிந்த கணக்கு என்றார் அவர். மருந்து போட்ட மந்தையில் நாலைந்து கோழியின் ரத்தத்தை எடுத்துப் பார்ப்பது வழக்கம். நோயைத் தாங்கும் சக்தி அதில் எவ்வளவு மிச்சம் என்று ஓர் எண் வரும். அதற்கு டைட்டர் என்று பேர். டைட்டர் இறங்கினால் மந்தைக்கே மறுபடி மருந்து. நமக்கு மருந்தில்லை, யாரும் தரப்போவதும் இல்லை. அப்படியென்றால் காய்ச்சலையே மருந்தாக எடுத்துக்கொள்வோம். தெருத்தெருவாக, சோறும் குளுக்கோஸும் டாக்டரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து அவர் பண்ணையின் நாலாம் நம்பர் கொட்டாய் கோழிக்கு இல்லை, ஆட்களுக்கு. தெருவுக்கு ஐந்து பேரிடம் ரத்தம் எடுப்பார்கள். எந்தத் தெருவின் எண் எல்லாவற்றையும்விடக் கீழே இருக்கிறதோ அந்தத் தெரு உள்ளே போகும். ஏற்கெனவே காய்ச்சலில் கிடப்பவர்களின் பக்கத்தில் படுத்து வாங்கிக்கொள்ளும். பெரும்பாலோர் நடந்து வெளியே வருவார்கள். சிலர் பின்பக்கத்துச் சுண்ணாம்புக் குழிக்குப் போவார்கள். வெளியே காய்ச்சலே இல்லை என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊரில் யாரும் நம்பவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மாதேசு வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி இளவஞ்சி முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டரம்மா வந்துட்டுப் போச்சு. நம்ம தெருவுல அஞ்சு பேத்துல என்னையும் எடுத்துட்டாங்க.”

போன தடவை அந்தத் தெரு உள்ளே போனபோது அவன் முழுசாக வெளியே வந்தான், இளவஞ்சி ஒரு பக்க நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். இப்போது ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். இரவில் அவள் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவன் தூங்குவான். இன்னொரு முறை உள்ளே போனால் வரமாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

“எண்ணு என்ன வந்துச்சாம்?”

“ரொம்பக் கீழயாம். வாசல்லயே கண்ணாடித் தட்டுல சொட்டு உட்டுப் பாத்துட்டாங்க.” அவள் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது. “ஏனுங் மாமா, என்னையத் தூக்கறதுக்கு நீங்களே வருவீங்களா, இல்ல சடையண்ணனத் தாட்டியுடுவீங்களா? அந்தண்ணன் வந்தா வேண்டாமுங்க. கால முறுக்கிப் புடிக்கும்.”

“வாய மூடு.”

“போன தடவ நீங்க பதமாத்தான் புடிச்சீங்க.”

அவன் நேராகப் பெரியண்ணனின் தீவன மில்லுக்குப் போனான்.

பெரியண்ணன் வந்திறங்கிய மக்காச்சோளத்தில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் அதிகம் என்று துப்பினார். மாதேசு சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“நீ கேக்கறது நாயந்தான். நாளைக்குச் சடையன் வந்து கேப்பான். அவனுக்கும் அம்மா இருக்கறா. அப்பறம் நான் யாரப் புடிக்கறது?”

“ஒரே ஒரு ஆளுதானுங். அது செத்துப்போயிரும்ங்.”

“ஒரு கோழிய உட்டா கொட்டாயே போயிருமடா. உனக்கு நான் சொல்லோணுமா?” அவர் அடுத்த மூட்டையில் கையை விட்டார். “எம்பட மவன் மூணாவது மந்தையோட கொட்டாய்க்குள்ள போனான், வெளிய வரல. அவங்கம்மா என்ற காலப் புடிச்சுக்கிட்டு உருண்டா. உட்டனா? அவனையே உடாதவன் உம்பட பொண்டாட்டிய உட்டா, அவ என்ற மூஞ்சியில முழிப்பாளா?”

“ஒரு மாசம் தள்ளிப் போடுங். அதுக்குள்ள ஒடம்பத் தேத்திக்குவா.”

“மோரு தீர்றதுக்கு முன்னாலயே பாலக் காச்சி வெக்கோணும்டா. செக்குமேட்டுக்காரங்க தேறறதுக்குள்ள உங்க தெரு உள்ள போயாகோணும். அவங்க தேறி எந்திரிச்சுட்டாக் கொட்டாய்ல காய்ச்சல் அத்துப்போயிரும். அத்துப்போச்சுன்னா உறை ஊத்த நான் எங்க போயிக் கடன் வாங்கறது?”

அவர் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். மாதேசு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

டாக்டர் வசுமதி கால்நடை மருத்துவர். காய்ச்சலுக்கு முன் பண்ணைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர், வேலி போட்டபோது ஊருக்குள் மாட்டிக்கொண்டார். பழைய குஞ்சு பொரிப்பகத்தில் அவருடைய ஆய்வகம் இருந்தது. மாதேசு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஒரே கையில் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தான்.

“எண்ண மாத்துங்க. எங்க தெரு எண்ண மேல ஏத்திப் போடுங்க.”

அவர் திமிறவில்லை. அவன் பிடி தளர்ந்ததும் தொண்டையைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மாத்தினா வேற தெரு போகும். அவங்களையும் நீதான் இழுத்துட்டுப் போகணும். பரவாயில்லையா?”

அவன் கதவில் சாய்ந்துகொண்டான்.

“மாதேசு, அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல. எனக்கே இப்பதான் உறுதியாத் தெரிஞ்சுது. ரத்தத்துல அளவு குறையறது எல்லா மனுஷருக்கும் நடக்கும். குறைஞ்சாலும் உடம்பு அந்தக் காய்ச்சலை மறக்கறதில்ல. திரும்ப வந்தா அடையாளம் கண்டுபிடிச்சுச் சண்டை போடும். பல வருஷம் போடும். சிலபேருக்கு ஆயுசு முழுக்கவே.”

“அப்பக் கோழிக்கு?”

“கோழிய ஒண்ணரை வருஷத்துல கறிக்கு வித்துடறோம். கிழட்டுக் கோழிய இந்த ஊர்ல யார் பார்த்திருக்காங்க? அது எத்தனை நாள் ஞாபகம் வெச்சிருக்கும்னு பார்க்க நாம அதை விட்டதே இல்ல. அந்தக் கணக்கைத் தூக்கி மனுஷனுக்குப் போட்டோம். நானும் சேர்ந்துதான் போட்டேன்.”

“சத்தி இருந்தா ஏன் கொட்டாய்ல சாவறாங்க? நீங்க சொல்றது பொருந்தலியே.”

“சக்தி இருக்கறது பழைய காய்ச்சலுக்கு. கொட்டாய்ல இருக்கறது அது இல்ல.” அவர் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு தெருவும் உள்ளே போனபோது தொண்டையில் துடைத்தெடுத்த மாதிரிகள் வரிசையாக இருந்தன. “ஒண்ணுமாதிரி ஒண்ணு இல்ல. ஆளுக்கு ஆள் தாவும்போது அது கொஞ்சம் கொஞ்சமா ரூபம் மாறுது. பழைய ரூபத்தை உடம்பு பிடிச்சிடும். மாறினது தப்பிச்சு அடுத்த ஆளுக்குப் போகும். ரெண்டாம் வருஷம் வந்ததும் அப்படி மாறி வந்ததுதான். அதுக்கப்புறம் அதுவே அடங்கியிருக்கும். நாமதான் தெருத்தெருவா ஆளைக் குடுத்து வளர்த்துட்டோம். வெளியில இருக்கறவங்க பொய் சொல்லல, மாதேசு. வெளியில காய்ச்சல் இல்ல. இந்த உலகத்துல அது உயிரோட இருக்கற ஒரே இடம் நம்ம நாலாம் நம்பர் கொட்டாய்.”

மாதேசு குஞ்சுத் தட்டுகள் அடுக்கியிருந்த மூலையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மந்தையை ஏற்றி அனுப்பியபிறகு அவன் எத்தனை கொட்டாய்களைக் கழுவியிருக்கிறான். சுண்ணாம்படித்து, கதவைத் திறந்துபோட்டு, காலியாக விடுவார்கள். அப்படி விட்டால்தான் பழைய மந்தையின் நோய் அத்துப்போகும். ஊரில் எந்தப் பண்ணைக்காரனும் பழைய கோழிக்குப் பக்கத்தில் புதுக் கோழியை விடமாட்டான்.

“அப்பக் கொட்டாயக் காலியாப் போட்டாப் போதும்.”

“போதும். இப்ப உள்ள இருக்கறவங்க தேறட்டும். புதுசா யாரும் போகக்கூடாது. ரெண்டு மூணு வாரத்துல தானாவே முடிஞ்சிடும்.”

“இத ஏன் நீங்க இன்னும் பெரியண்ணங்கிட்டச் சொல்லல?”

வசுமதி அவனையே பார்த்தார். “முன்னாடி பறவைக் காய்ச்சல் வந்தப்ப, நோய் ஒரு கொட்டாய்லதான் இருக்குன்னு தெரிஞ்சதும் நாம என்ன செஞ்சோம்? நீயும் இருந்தியே.”

அவன் இருந்தான். கோழிகளின் கழுத்தைத் திருகித் திருகி இரண்டு கையும் வீங்கிப்போயிருந்தது.

“உள்ள நாப்பது பேருக்கு மேல இருக்காங்க” என்றார் வசுமதி. “சொல்லிடாத.”

மறுநாள் உச்சிப்பொழுதில் அவன் தெருவில் லாரி வந்து நின்றது. பெரியண்ணன் தன் ஜீப்பில் வந்திருந்தார். வசுமதியைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். மாதேசு குழாயோடு வாசலில் நின்றான்.

“மாப்ள, நவுந்துக்க” என்றான் சடையன். கட்டுப்போட்ட கையை மார்போடு மடித்திருந்தான். “தங்கச்சிய நான் பூவாட்டம் தூக்கிக்கிட்டுப் போறேன். என்ற ஒத்தக் கை மேல சத்தியம்.”

“கிட்ட வராத.”

“நீ எங்கூட எத்தன வாசல்ல நின்னிருப்ப? ஒவ்வொருத்தனும் இதத்தான்டா சொன்னான்.”

முதலில் ஏறி வந்தவனின் தோள்பட்டை எலும்பை மாதேசு உடைத்தான். அடுத்தவனின் வாயில் விழுந்த அடியில் பற்கள் சிதறின. பிறகு பின்பக்கத்திலிருந்து மண்டையில் ஒன்று இறங்கியது. அவன் முழங்காலிட்டு விழுந்தான். விலாவில் உதைத்தார்கள். காது ஒன்று கிழிந்து தொங்கியது. ரத்தம் கண்ணில் வடிந்த நிலையிலும், இளவஞ்சியின் இரண்டு கால்களும் வாசலைத் தாண்டி வருவதைக் கண்டான். அவள் கத்தவில்லை. கத்த மூச்சில்லை. தலை ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு வந்தது.

மாதேசுக்குக் கொட்டாயிலிருந்த அந்த நாற்பது பேர் நினைவுக்கு வந்தார்கள். வந்தபிறகுதான் கத்தினான்.

“காய்ச்சல் கொட்டாய்ல மட்டுந்தான் இருக்குது! வேற எங்கயும் இல்ல! யாரும் உள்ள போக வேண்டாம்! டாக்டரம்மாவக் கேளுங்க!”

தெரு நின்றது. ஜன்னல்கள் திறந்தன. பெரியண்ணன் மெல்லத் திரும்பி வசுமதியைப் பார்த்தார்.

“அப்படீங்களா டாக்டரம்மா?”

வசுமதி அழத் தொடங்கினார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எண், காய்ச்சலை மறக்காத உடம்பு, ரூபம் மாறுவது. “உள்ள இருக்கறவங்க தேறினாப் போதும்ங்க. காத்திருந்தாப் போதும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பெரியண்ணன் வெகுநேரம் ஜீப்பின் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. மகன் பெயரைச் சொன்னாரோ என்னவோ. பிறகு முகத்தைத் துண்டால் துடைத்தார். நிமிர்ந்தபோது அது மக்காச்சோளத்தில் ஈரம் பார்க்கிற முகமாகியிருந்தது.

“பறவைக் காய்ச்சல் வந்தப்ப, கோழி தேறட்டும்னு நாம காத்துக்கிட்டா இருந்தோம்?”

யாரோ லாரியிலிருந்து டீசல் கேனை இறக்கினார்கள். இளவஞ்சியின் காலைப் பிடித்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். தெருவே ஓடியது. பிடிபட இருந்தவர்கள்தான் முதலில் ஓடினார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கரட்டுக் குன்றின் அடியிலிருந்த கொட்டாயை நோக்கி.

இளவஞ்சி தவழ்ந்து வந்து மாதேசின் சட்டையைப் பிடித்தாள். அவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள்.

“போங்க. உள்ள இருக்கறவங்கள நீங்கதான கொண்டுபோயி உட்டீங்க? போங்க மாமா.”

அவன் போய்ச் சேர்ந்தபோது முன்பக்கம் எரிந்துகொண்டிருந்தது. தென்னங்கீற்றுக் கூரை சடசடத்தது. நடக்க முடிந்தவர்கள் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வந்தவர்களைப் பிடிகாரர்கள் குழாயால் அடித்துச் சாய்த்து, கையையும் காலையும் பிடித்து மறுபடி உள்ளே எறிந்தார்கள். ஒரு பெண்ணின் கூந்தல் தீப்பிடித்திருந்தது. சடையன் ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்தான். அடித்துக்கொண்டே அழுதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி என்ன புகை என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கொட்டாய் தூண்களின் மேல் நின்றது. கோழி எச்சம் கீழே விழுவதற்காகத் தரையில் இடைவெளி விட்டுக் கட்டியது. பின்பக்கம் எரு அள்ளுகிற பலகை எது என்று மாதேசுக்குத் தெரியும். எருவுக்குள் தவழ்ந்துபோய்த் தோளால் முட்டிப் பலகையைப் பெயர்த்தான். புகைக்குள் கையை விட்டுத் துழாவினான். ஒரு கால் அகப்பட்டது. மூங்கில் வைத்துக் கட்டிய முட்டி.

“மறுபடியும் வந்துட்டியாடா!” என்று நல்லசிவத்தின் குரல் கேட்டது. ஒரு குத்து மாதேசின் மூக்கில் விழுந்தது.

மாதேசு இன்னொரு காலையும் தேடிப் பிடித்தான். இரண்டையும் சேர்த்து இழுத்தான். நல்லசிவம் ஓலமிட்டுக்கொண்டே ஓட்டை வழியாக எருவில் வந்து விழுந்தான். மறுபடி கையை விட்டபோது கூரை உள்ளே இறங்கியது.

வேலிக்கு இந்தப் பக்கமே, கொல்லிமலை ஏற்றத்தில் யாரோ கைவிட்ட ஆட்டுப்பட்டி ஒன்று இருந்தது. நல்லசிவத்தைத் தோளில் போட்டு அங்கே கொண்டுபோனான். வழியெல்லாம் அவன் மாதேசின் கழுத்தில் இருமிக்கொண்டே வந்தான். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. மாதேசு ஓடைத்தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டான். காட்டுக்கிழங்கைச் சுட்டு மசித்துக் கொடுத்தான். பெரியண்ணனின் உறைமோர்க் கணக்கையும் டாக்டரம்மா சொன்னதையும் சொன்னான். சில நாளில் நல்லசிவத்துக்கு வியர்த்தது. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“நான் தேறிட்டேன்டா, என்ற கால ஒடச்சவனே” என்றான். “நீ இரும ஆரம்பிச்சுட்ட.”

மாதேசு தலையாட்டினான். கண் எரிந்தது. இடுப்பெலும்பில் வலி குடைந்தது.

“நெருப்புல போகாம மிச்சமிருந்த உறைமோரு நான்தான். இப்ப அது உங்கிட்ட வந்திருச்சு.”

“எங்கிட்டயே புளிச்சுப் போகட்டும்.”

“செத்துட்டா?”

“அப்பவும் புளிச்சமாதிரிதான்.”

நல்லசிவம் நொண்டிக்கொண்டு ஓடைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தான். அவன் கீழே போயிருக்கலாம். போகவில்லை.

அன்று சாயங்காலம், கிழங்கு சுட்ட புகையைப் பார்த்துவிட்டு இளவஞ்சி வந்தாள். தலையில் கட்டு, கையில் சோற்றுத் தூக்குப்போசி. சரிவில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். அந்த விசில் சத்தம் மாதேசுக்குப் பட்டிவரை கேட்டது.

“வராத!” என்று கத்தினான். குரல் எழவில்லை.

அவள் ஏறினாள். அவன் ஒரு கல்லை எடுத்து வீசினான். அது அவளுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். அடுத்த கல் நெற்றியில் பட்டது. கையை வைத்துப் பார்த்து, ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் குறி வெக்கறீங்க!” என்று கீழிருந்து கத்தினாள்.

போசியை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, நல்லசிவம் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று கையைக் காட்டினாள். பிறகு பின்னுக்கு நடந்தாள். மாதேசு எழுந்து நின்று, மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இன்னொரு கல்லை எறிந்தான். அது அவளுக்கு முன்னால் விழுந்து உருண்டது. எட்டவில்லை.

இளவஞ்சி அந்தக் கல்லைப் பார்த்தாள். அது விழுந்த இடத்துக்குக் கீழ்ப்பக்கம், கல் எட்டாத தூரத்தில் ஒரு நிழல் பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.